பதில் வந்த பிறகுதான் அடுத்தது

சிஸ்டம் அக்காவோடு சாலையைக் கடப்பதைவிட வேலைக்கு லேட்டாகவே போய்விடலாம் என்று எங்கள் லேபில் சொல்வோம். கேம்ப் ரோடு சந்திப்பில் மூன்று பேர் நின்றால் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்பார். "வரியாம்மா?" தலையை ஆட்டினால் போதாது. வாயைத் திறந்து "வரேன்கா" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் சொல்வதற்குள் சிக்னல் மாறிவிடும். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அக்காவுக்குக் கொஞ்சமும் வராது. அடுத்த சிக்னலுக்கு மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

கிழக்குத் தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. அதில் நான் லேப் இன்சார்ஜ். அக்கா அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்டவர். டாக்டரிலிருந்து துப்புரவுப் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டம் அக்காதான். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் தனியாக இருந்தார். அங்கே தண்ணீர் லாரிக்குப் போன் செய்யும்போதும் இதே கதைதான். "அனுப்புறேன்" என்று அந்தப் பக்கம் சொன்னால் வைக்க மாட்டார். "எந்த பிளாக்குன்னு திருப்பிச் சொல்லுங்க தம்பி" என்பார். லாரிக்காரர் திருப்பிச் சொன்ன பிறகுதான் போன் கீழே இறங்கும்.

அவர் வேலை செய்தது கறுப்புத் திரையில். படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. ஒரு வரி அடிப்பார், என்டர் தட்டுவார், பதிலுக்குக் காத்திருப்பார். நான் முதலில் பார்த்தபோது இந்த அம்மா யாருக்கோ தந்தி அடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ரத்தத்தைச் சோதிக்கும் மெஷினிலிருந்து நோயாளியின் போனுக்கு ரிப்போர்ட் போய்ச் சேர வேண்டுமானால், யார் கண்ணிலும் படாமல் பின்னால் நாலு சர்வீஸ்கள் ஓட வேண்டும். எல்லா விவரத்தையும் வைத்திருக்கும் டேட்டாபேஸ் ஒன்று. மெஷின் சொல்வதை வாங்கிக்கொள்வது ஒன்று. ரிப்போர்ட் தயாரிப்பது ஒன்று. கடைசியாக, அதைப் போனுக்கு அனுப்பும் மெசேஜ் சர்வீஸ்.

சர்வர் விழுந்து எழுந்தால் இந்த நாலும் தானாக எழுந்துகொள்ளும்படி வைக்கலாம். எனேபிள் என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்களாம். அக்கா வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தானே உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவார். இருபது நிமிடம் ஆகும். அதற்குள் ரிப்போர்ட் கவுன்ட்டரில் ஜனங்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன். அக்கா பொறுமையாகச் சொன்னார். "இந்த மெசேஜ் சர்வீஸ் இருக்கே, அது கொஞ்சம் அவசரக்குடுக்கை. டேட்டாபேஸ் எழுந்திருக்கலன்னா சும்மா இருக்காது. தயாரா நிக்கிற ரிப்போர்ட்டையெல்லாம், நேத்து எடுத்து வச்ச போன் நம்பர் லிஸ்ட்டைப் பார்த்து அனுப்ப ஆரம்பிச்சிடும். இன்னைக்கு நாப்பத்தொண்ணாம் டோக்கனோட ரிப்போர்ட், நேத்து நாப்பத்தொண்ணாம் டோக்கன்காரர் போனுக்குப் போயிடும். மெசேஜ்ல பேரு கூடக் கிடையாது, யாருக்குத் தெரியும்? சாஃப்ட்வேர் பண்ணிக் குடுத்தவங்ககிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. அடுத்த வெர்ஷன்ல பார்க்கலாங்கறாங்க."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது புரிந்தது. ஆனால் எரிச்சல் மட்டும் போகவில்லை.

எங்கள் யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. புதிது வாங்க அக்கா எழுதிக் கொடுத்த காகிதம் நிர்வாக அதிகாரி ஏ.ஓ. சாரின் மேஜையில் கிடந்தது. அதனால் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளில் சர்வர் படுத்துவிடும். மாதாமாதம் பராமரிப்புக்காக மின்வாரியம் ஒன்பது மணிக்குக் கரண்டை எடுக்கும் நாள் வேறு உண்டு. அப்படி ஒரு ஷட்டவுன் நாளில் அக்கா மேடவாக்கம் கூட்ரோட்டில் டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். போனில் என்னைக் கூப்பிட்டு, சர்வர் ரூமில் உட்கார வைத்து, வரி வரியாகச் சொன்னார்.

"சிஸ்டம்சிடிஎல்னு அடி. ஒரு இடம் விடு. ஸ்டார்ட். இடம் விடு. இப்ப டேட்டாபேஸ் பேரு. என்டர். என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமே வரலக்கா."

"எரர் வரல, அதுவரைக்கும் நல்லது. ஆனா சும்மா இருந்தா சரின்னு அர்த்தம் இல்லம்மா. கேக்கணும். ஸ்டார்ட்டுக்குப் பதிலா ஸ்டேட்டஸ்னு போட்டுக் கேளு."

கேட்டேன். "பச்சைப் புள்ளி வந்திருக்குக்கா. ரன்னிங்னு போட்டிருக்கு."

"பச்சை வந்தா உசிரு இருக்குன்னு அர்த்தம். வேலை செய்யுதான்னு அது சொல்லாது. கீழே லாக்ல, நடக்கறதையெல்லாம் அதுவே எழுதி வைக்கிற குறிப்புல, கடைசி வரியைப் படி."

படித்தேன். இணைப்புக்குத் தயார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது சர்வீஸ். அதற்கும் ஸ்டார்ட், ஸ்டேட்டஸ், கடைசி வரி. நாலும் முடிந்த பிறகும் விடவில்லை. லேபுக்குப் போய் ஒரு டெஸ்ட் சாம்பிளை ஓட்டி, அந்த ரிப்போர்ட் அவர் போனுக்கே வந்து சேர்ந்த பிறகுதான், "ம், இப்ப ஜனங்களுக்கு விடு" என்றார். அவர் ஏறியிருந்த பஸ் அதுவரை செம்பாக்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

இதையெல்லாம் கிறுக்கு என்று நான் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அக்கா தன் சர்ச்சின் சண்டே ஸ்கூல் பிள்ளைகளை வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனபோது, என் மகளும் ஆசைப்பட்டுக் கூடப் போனாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. திரும்பும்போது வேனில் ஒரு டீச்சர் தலைகளை எண்ணி, சரியாக இருக்கிறது, கிளம்பலாம் என்றிருக்கிறார். அக்கா விடவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு பிள்ளையும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். என் மகள் பேருக்குப் பதில் வரவில்லை. டிரைவரின் அக்கா மகள் ஒருத்தி நடுவில் ஏறி உட்கார்ந்திருந்ததால் தலைக்கணக்கு மட்டும் சரியாக இருந்திருக்கிறது. என் பெண் மான்கள் இருக்கும் கம்பிவேலிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றிருந்தாளாம். அன்று சாயங்காலம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனிமேல் இந்த மனுஷியைக் கேலி பண்ண மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் பண்ணவில்லை.

அவர் லீவு போட்டு நான் பார்த்ததில்லை. தங்கை மகள் கல்யாணம், திருநெல்வேலிப் பக்கம், மூன்று நாள் போயே ஆக வேண்டும் என்று வந்தது. கிளம்பும் முன் சர்வரில் என் பேரில் ஒரு லாகின் போட்டுக் கொடுத்தார். "ரூல்ஸ்படி இது தப்புதான்மா. வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. ஆனா மூணு நாள் ஜனங்களைக் காக்க வைக்க முடியாதுல்ல. உன்ன நம்பித்தான் போறேன்." நாலு வரிகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். கடைசியில், பதில் வந்த பிறகுதான் அடுத்தது என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.

அந்த மூன்று நாளும் மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. ஏழு தடவை சர்வர் விழுந்தது. ஏழு தடவையும் லேபை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். கவுன்ட்டரில் ஒருவர் என் முகத்துக்கு நேரே டோக்கனைக் கிழித்துப் போட்டார். மூன்றாம் நாள் புதன்கிழமை ஏ.ஓ. சார் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "ஒரு மெசேஜ் போறதுக்கு ஒரு ஆள் பக்கத்துலயே உக்காந்து தள்ளணுமா? நீங்க படிச்சவங்கதானே மேடம்?"

படித்தவள்தான். அதுதான் வினை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஜனங்கள் கத்துவது மெசேஜுக்காக, அது ஒன்றாவது தானாக எழுந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்று அடித்து, மெசேஜ் சர்வீஸின் பேரைப் போட்டு என்டர் தட்டினேன். அவசரக்குடுக்கை என்று அக்கா சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது, காலையில் அக்கா வந்ததும் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. கீழே போய் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை ஷட்டவுன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "மேடம், மாத்திட்டேன். சிஸ்டம் வுயுந்துச்சா?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கவுன்ட்டரில் யாரும் கத்தவில்லை. மெசேஜ் போய்க்கொண்டிருந்தது. "இன்னா மேடம், அக்கா இல்லாமலே ஓடுது. சோக்கா கீது," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து நிமிடம் கழித்து நிதானமாக மாடிக்குப் போய் மற்ற மூன்றையும் ஏற்றினேன்.

ஒன்பதே முக்காலுக்கு அக்கா வந்தார். தோளில் ஊர்ப் பை, தலையில் வாடிய கல்யாணப் பூ.

"ஷட்டவுன் ஆச்சே. யாருமே என்னைக் கூப்பிடலையே?"

"நானே எல்லாத்தையும் ஏத்திட்டேன்கா."

"சாம்பிள் ஓட்டிப் பார்த்தியா?"

அக்கா பையை இறக்கி வைக்காமலே உட்கார்ந்து லாகைத் திறந்தார். அவர் எதையும் தொடும் முன் லாகைப் படிப்பார், எப்போதும் அப்படித்தான். விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு ஸ்டாப் என்று அடித்து மெசேஜ் சர்வீஸை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மெசேஜ் சர்வீஸ்ல ஏதாவது மாத்துனியாம்மா?"

"இல்லக்கா."

அந்த வார்த்தை எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா காத்திருந்தார். இன்னும் ஏதோ வரும் என்பது போலக் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி" என்றார்.

தவறான போன்களுக்குப் போன மெசேஜ்கள் இருபதுக்கும் மேல். அந்த லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "காலையில வந்த மெசேஜ் உங்களுது இல்லைங்க. அதைப் பார்த்து எந்த மருந்தும் எடுக்காதீங்க. எடுக்கலன்னு வாயால சொல்லுங்க." எல்லோரையும் சொல்ல வைத்தார். பெருங்களத்தூர் நம்பர் ஒன்று மட்டும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டார். பதினோராவது தடவையும் எடுக்காதபோது ஆட்டோ பிடித்து ஆளை அனுப்பச் சொன்னார்.

அவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர். முந்தின நாள்தான் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாருடைய சர்க்கரையோ, முந்நூறுக்கு மேல், அவர் போனில் வந்து நின்றது. அப்படி ஏறினால் இன்சுலினை இவ்வளவு கூட்டிப் போட்டுக்கொள் என்று அவருடைய டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். போட்டுக்கொண்டார். இருந்த சர்க்கரையும் இறங்கி, மயங்கிக் குளியலறையில் விழுந்தார். எங்கள் ஆட்கள் போய்க் கதவை உடைத்துத் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு முறிந்தது.

மத்தியானம் ஏ.ஓ. சார் அறையில் விசாரணை. லேப் இன்சார்ஜ் என்பதால் நானும் நின்றேன். மூன்று வருடமாகத் தானாக எழும்படி வை என்று சத்தம் போட்டவர், "தானா எழுந்திருக்கிற மாதிரி யார் வச்சது?" என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"சர்வர் என் பொறுப்பு சார்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"கேட்டேன் சார். இல்லன்னுட்டாங்க."

அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மகள் ஸ்கூல், வீட்டுக் கடன், என்னென்னவோ மண்டையில் ஓடியது. உண்மையில் அதெல்லாம் இல்லை, பயம். அன்றே அக்காவின் பாஸ்வேர்டைப் பிடுங்கிவிட்டார்கள், இனி சர்வரில் கை வைக்கக் கூடாது என்று. அவர் நிறுத்தி வைத்த மெசேஜ் சர்வீஸ் தானாக எழுந்தாலும் எதுவும் வெளியே போகாதபடி நெட் ஒயரைக் கழற்றி வைத்தார்கள். பழையபடி காகிதத்தில் ரிப்போர்ட் கொடுத்தோம். இரண்டு வாரத்தில், தானாகவே ராஜினாமா செய்ததாக எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். கடைசி நாளில் என் டிபன் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கல்யாண முறுக்கு இருந்தது. எதுவும் கேட்கவில்லை.

அவர் போன சாயங்காலமே மாடிக்குப் போனேன். அக்கா கொடுத்த லாகின் யாருக்கும் தெரியாததால் அப்படியே இருந்தது. லாகைத் திறந்தேன். என் பேர், புதன்கிழமை, மணி நாலு பன்னிரண்டு, நான் அடித்த கட்டளை எல்லாம் ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. அக்கா முதலில் இதைப் படித்திருக்கிறார், பிறகுதான் என்னிடம் கேட்டிருக்கிறார். டிஸேபிள் என்று அடித்து, நான் போட்டதை எடுத்தேன். லாகின் கொடுத்தது அவர் தப்புதானே, என் பேரைச் சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வாரே, அதனால்தான் சொல்லவில்லை என்று பல நாள் என்னைத் தேற்றிப் பார்த்தேன். வேலையே போகிற ஆள் இதற்கா பயப்படுவார்? என்னாலேயே அதை நம்ப முடியவில்லை.

அக்கா போன அடுத்த வாரம் யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வந்தது. இப்போது நாவலூரிலிருந்து ஒரு கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்கிறது. "எல்லாம் பச்சையா இருக்கு மேடம்" என்று போனில் சொல்கிறார்கள். நான் கடைசி வரியைப் படிக்கச் சொல்கிறேன். பிறகு சாம்பிள் ஓட்டுகிறேன். லேப் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.

டிராயிங் மாஸ்டர் மாதம் ஒரு தடவை வாக்கரை ஊன்றிக்கொண்டு வருகிறார். ரிப்போர்ட் மெசேஜ் வந்ததும் போனை என்னிடம் நீட்டுவார். "இது என்னுதுதானா, பார்த்துச் சொல்லும்மா." நான் பார்த்துச் சொல்வேன். "அன்னைக்கு அந்த சிஸ்டம் அம்மா பதினோரு தடவை கூப்பிட்டிருக்காங்க. போன் ஹால்ல கிடந்துச்சு. தப்புப் பண்ணாங்கதான், ஆனா நல்ல மனசு" என்பார். ஒவ்வொரு மாதமும் சொல்வார். ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் ஒரு வேலையாக மேடவாக்கம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தார். இரண்டு வருடத்தில் தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் ஒளிய இடம் தேடினேன் என்பதுதான் நிஜம். மகள் எப்படி இருக்கிறாள், எந்த வகுப்பு என்று கேட்டார். நான் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"சர்வர் பக்கம் எங்கயும் எடுக்கலம்மா. பழைய இடத்துல விசாரிப்பாங்கல்ல. ஒரு ஸ்கூல்ல டைப்பிங் வேலை. பரவாயில்ல." சொல்லிவிட்டு, "பேட்டரி மாத்துனாங்களா?" என்றார்.

"மாத்திட்டாங்கக்கா."

"அன்னைக்கு நீ எனேபிள் போட்டியே, அதை எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேன்கா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்கா முகத்தில் கோபம் இல்லை. ஜெயித்துவிட்ட பாவனையும் இல்லை.

"எப்ப?"

"நீங்க போன அன்னைக்குச் சாயங்காலமே."

"சரி" என்று நீளமாக மூச்சு விட்டார். "என் பாஸ்வேர்டைப் பிடுங்கிட்டாங்களா, என்னால எடுக்க முடியல. வேற யாருக்காவது தப்பா போயிடுமோன்னு ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் கவலை. உன்கிட்ட போன் பண்ணிக் கேட்டா உன்னைக் குத்திக் காட்டுற மாதிரி இருக்குமேன்னு பண்ணல."

மன்னிச்சிடுங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாம்பரம் பஸ் வந்து நின்றது. நானும் தாம்பரம்தான் போக வேண்டும். அக்கா ஏறி, படியில் நின்று திரும்பினார்.

"வரியாம்மா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வரும் தைரியம் எனக்கு இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். "இன்னாம்மா, ஏறுறியா இல்லியா?" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். அக்கா உள்ளே போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரலக்கா, நீங்க போங்க" என்று நான் வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் உள்ளே போனார்.